கிழமையும் கொடையும்: தனிமனித உரிமை பற்றிய தமிழ்ச் சொல்லாட்சி – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

இந்தியாவில் நெருக்கடிநிலை நடப்பில் இருந்தபோது, விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டோர் தம் விடுதலை வேண்டி நீதிமன்றத்தை அணுக இயலுமா என்னும் வினா உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் வழக்கில், ஐவர் ஆயத்தின் நால்வர் இயலாது என்று விடை கூறினர். உயிருக்கும் உடல்சார் விடுதலைக்குமான உரிமையின் உறைவிடம் அரசமைப்பின் 21-ஆம் உறுப்பே. அதனைச் செயற்படுத்தக் கோரும் வழி குடியரசுத் தலைவரின் ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கையில் கோருவதற்கு வேறொன்றும் இல்லை என்பது அவர்தம் வாதத்தின் சாரம். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அவ்வுறுப்பு இல்லாதிருப்பினும், சட்டத்தின் ஆதாரமின்றி ஒருவருடைய உயிரையோ விடுதலையையோ பறிக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்பது அவர் நிலை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பதின்மர் ஆயம் அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாக ஏற்றபோது, 1976-ஆம் ஆண்டின் பெரும்பான்மைத் தீர்ப்பும் பிழையென்று விலக்கப்பட்டது. உயிரும் விடுதலையும் அரசமைப்பு படைத்தளித்தவை அல்ல, மனிதரிடமிருந்து பிரிக்கவொண்ணாதவை என்னும் கருத்து அப்போது நிலைபெற்றது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஒரு வினாவில் அடக்கலாம். உரிமை ஒருவருக்குக் கொடுக்கப்பட்டதா, அன்றி அவருடையதேயா? இவ்வினா சட்ட அறிஞருக்கு மட்டும் உரியதன்று. உரிமை பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுதும் ஒவ்வொரு முறையும் எழுதுவோர், அறிந்தோ அறியாமலோ, இதற்கு ஒரு விடை கூறிவிடுகின்றனர். அவர்கள் தேர்ந்துகொள்ளும் வேற்றுமையும் வினையும் பெயரும் அவ்விடையைத் தாங்கி நிற்கின்றன. தனிமனித உரிமை பற்றிய இக்காலத் தமிழ்ச் சொல்லாட்சி எவ்விடையின் பக்கம் சாய்கிறது என்பதை மொழியியல் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. உரிமை என்னும் சொல்

இந்திய மொழிகள் இக்கருத்துக்கு ஒரே சொல்லைக் கையாளவில்லை. இந்தியில் அதிகார் என்பதும், தெலுங்கிலும் கன்னடத்திலும் அரபு மூலத்திலிருந்து வந்த ஹக்கு என்பதும், மலையாளத்தில் அவகாசம் என்பதும் வழங்குகின்றன. இவற்றுள் இரண்டு தமிழிலும் உள்ளன. எனினும் பொருள் வேறு. தமிழில் அதிகாரம் என்பது ஆளுவோர் கையில் உள்ள ஆற்றல். அவகாசம் என்பது ஒன்றைச் செய்வதற்குக் கிடைக்கும் காலம். இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் வடசொல் ஒற்றுமையை நம்பிச் செல்லும்போது ஏற்படும் இடர்ப்பாட்டுக்கு இவை தக்க சான்றுகள்.

தமிழ் தேர்ந்துகொண்ட உரிமை என்னும் சொல் ‘உரி’ என்னும் அடியிலிருந்து தோன்றியது. உரிய, உரியது, உரியவன் என்பன இதன் இனச்சொற்கள். ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்றல் அல்லது அதற்குப் பொருந்தி அமைதல் என்பதே இவ்வடியின் அடிப்படைப் பொருண்மை. திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் ஒரு செயலுக்கு ஒருவன் தகுதியாதல் என்னும் பொருளில் இச்சொல் வந்துள்ளது. இதே பொருட்புலத்தில் முற்காலத்தில் வழங்கிய மற்றொரு சொல் கிழமை. கிழவன், கிழத்தி, கிழான் ஆகியன உரியவர் என்னும் பொருளன. இன்று கிழவன் முதியவனையும், கிழமை வாரத்தின் நாளையும் மட்டுமே குறிக்கின்றன. ஆயினும் இலக்கண நூல்களில் கிழமை தன் பழம்பொருளை இழக்கவில்லை. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை எனப்பட்டது. அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படுத்துவது இலக்கண மரபு.

கண்ணனது கை, கண்ணனது அறிவு என்பன தற்கிழமை. உடையவனும் உடைமையும் இங்கு வேறு வேறாகப் பிரிந்து நில்லா. கண்ணனது வீடு, கண்ணனது மாடு என்பன பிறிதின்கிழமை. வீட்டை விற்கலாம், மாட்டைப் பிறர் ஓட்டிச் செல்லலாம். உலக மொழிகள் பலவற்றில் உடைமைத் தொடர்களை ஆராயும் மொழியியலார் பிரிக்கவொண்ணா உடைமை, பிரிக்கத்தகும் உடைமை என்று இக்காலத்தில் செய்யும் பாகுபாட்டோடு இது பெரிதும் ஒத்துச் செல்கிறது. 1976-இன் பெரும்பான்மையினர் உரிமையைப் பிறிதின்கிழமையாகக் கண்டனர் என்றும், நீதிபதி கன்னாவும் 2017-இன் தீர்ப்பும் அதனைத் தற்கிழமையாகக் கண்டனர் என்றும் கூறுவது மிகையாகாது. பிரிக்கவொண்ணா உரிமை என்னும் கருத்தை விளக்கத் தமிழுக்கு அயல்மொழிச் சட்டகம் தேவையில்லை. தன் இலக்கண மரபிலேயே அதற்கான கருவி உள்ளது.

3. கொடைப்பொருள் வினைகள்

இத்தகைய கருவி இருந்தும் நடைமுறைத் தமிழ் அதனைப் பயன்கொள்ளவில்லை. செய்தித்தாள், பாடநூல், மேடைப்பேச்சு, அரசு அறிவிப்பு ஆகியவற்றில் உரிமை என்னும் பெயரோடு மிகுதியாகச் சேர்ந்து வரும் வினைகள் வழங்கு, அளி, கொடு என்பன. ‘அரசமைப்பு நமக்கு வழங்கியுள்ள உரிமைகள்’, ‘பெண்களுக்கு உரிமை கொடுக்க வேண்டும்’, ‘சட்டம் அளித்த உரிமை’ போன்ற தொடர்கள் எவருக்கும் பழக்கமானவை. பெறுவோர் நான்காம் வேற்றுமையில் நிற்க, கொடுப்போர் எழுவாயாக அமைகின்றனர். நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் இலக்கண நூலார் கூறும் கொடைப்பொருளே இத்தொடர்களில் முனைப்பாக உள்ளது.

நான்காம் வேற்றுமை வந்துவிட்டமையாலேயே கொடைப்பொருள் வந்துவிடும் என்று கருதுதல் ஆகாது. ‘எனக்கு உரிமை உண்டு’ என்னும் தொடரில் கொடுப்பவர் எவரும் இலர். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ என்பன போல அத்தொடர் ஒரு நிலையையே உணர்த்துகிறது. நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் கொடை மட்டுமன்றித் தகவும் முறையும் இடம்பெறுதல் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆகவே சிக்கல் வேற்றுமையில் இல்லை. அதனோடு சேரும் வினையில் உள்ளது.

கொடைவினைகள் தமிழில் நடுநிலையானவையும் அல்ல. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் ஈ என்பது தாழ்ந்தோன் கேட்கும்போதும், தா என்பது ஒப்போன் கேட்கும்போதும், கொடு என்பது உயர்ந்தோன் கேட்கும்போதும் வருவன எனத் தொல்காப்பியம் பாகுபாடு செய்துள்ளது. அப்பாகுபாடு இன்றைய வழக்கில் இல்லை. எனினும் கொடுத்தல் வினை, கொடுப்போர்க்கும் கொள்வோர்க்கும் இடையே ஏற்றத்தாழ்வை உணர்த்தவல்லது என்னும் அதன் அடிப்படை இன்றும் பொருந்துகிறது. வழங்கு என்னும் வினை இன்று எவ்வெவற்றோடு சேர்ந்து வருகிறது என்று நோக்கினால் இது புலனாகும். நலத்திட்ட உதவி, நிவாரணம், பரிசு, விலையில்லாப் பொருள் ஆகியன வழங்கப்படுகின்றன. இவ்வரிசையில் உரிமையும் வைக்கப்படும்போது, மேலிருந்து கீழ் இறங்கும் ஒரு கொடையாகவே அது உணரப்படுகிறது. கொடுத்தோர் திரும்பப் பெறலாம் என்னும் எண்ணத்துக்கு அத்தொடர் இடமளிக்கிறது.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட, தகுதியுடைய மகளிர்க்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கும் திட்டத்தின் பெயர் இவ்வகையில் ஆராயத்தக்கது. உதவித்தொகை என்றல்லாமல் உரிமைத்தொகை என்று அதற்குப் பெயரிடப்பட்டது. பெயரளவில் இது பெரிய மாற்றம். பெறுபவர் இரப்போர் அல்லர், உரியவர் என்று பெயர் கூறுகிறது. ஆனால் அப்பெயரோடு செய்திகளில் சேர்ந்து வந்த வினை ‘வழங்கு’ என்பதாகவே இருந்தது. பெயரும் வினையும் இங்கு ஒன்றோடொன்று முரண்படுகின்றன. கலைச்சொல்லாக்கம் பெயர்ச்சொற்களோடு நின்றுவிட்டால் கருத்து முழுமையாக மாறுவதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். அரசமைப்பின் ஆங்கில மூலத்திலேயே 13-ஆம் உறுப்பும் 32-ஆம் உறுப்பும், இப்பகுதியால் அளிக்கப்பெற்ற உரிமைகள் என்னும் பொருள்படும் சொற்களைக் கொண்டுள்ளன. மொழிபெயர்ப்பாளர் அதனை எங்ஙனம் மாற்ற இயலும் என்பது அம்மறுப்பு. அது நேர்மையான மறுப்பே. மூலம் கொடையைக் கூறுமிடத்து மொழிபெயர்ப்பும் அதனையே கூறுதல் வேண்டும். ஆனால் 21-ஆம் உறுப்பின் அமைப்பு வேறு. அங்குக் கொடைவினை இல்லை. பறித்தற்பொருள் வினையே உள்ளது. ஒருவரிடம் இல்லாத ஒன்றைப் பறித்தல் இயலாது. பறி என்னும் வினை, உடைமை முன்னரே உண்டு என்பதை முற்கோளாகக் கொள்கிறது. எதிர்மறையாக்கினும் அம்முற்கோள் அழிவதில்லை. ‘அவன் பையைப் பறிக்கவில்லை’ என்றாலும் பை இருந்தமை பெறப்படும். நீதிபதி கன்னாவின் நிலைப்பாட்டுக்கு இம்முற்கோளே மொழியியல் ஆதரவாக அமைகிறது. ஆகவே, 21-ஆம் உறுப்பைப் ‘உயிர்வாழும் உரிமையை வழங்கும் உறுப்பு’ என்று தமிழில் சுருக்கி எழுதுவோர் வெறும் சுருக்கம் செய்வதில்லை. மூலத்தின் முற்கோளை நீக்கி அவ்விடத்தில் ஒரு கொடையாளியைப் புகுத்துகின்றனர்.

4. வினைமுதல் மறையும் தொடர்

உரிமையைப் பறிக்கக்கூடியவர் யார் என்பது அடுத்த வினா. 14-ஆம் உறுப்பு செய்வினையில் அமைந்தது. அரசு எவருக்கும் சட்டத்தின் முன் சமன்மையை மறுத்தலாகாது என்று அது எழுவாயை வெளிப்படக் கூறுகிறது. 21-ஆம் உறுப்போ செயப்பாட்டுவினையில் அமைந்து, பறிப்பவர் யார் எனக் கூறாமல் விடுகிறது. தமிழில் படு என்னும் துணைவினை பெற்ற தொடர்களில் ‘ஆல்’ உருபேற்ற வினைமுதலை விட்டுவிடுதல் இயல்பாதலின், ஆங்கில அமைப்பை இங்குச் சிதைவின்றிக் கொணரலாம். ‘பறிக்கப்படுதல் ஆகாது’ என்றால் போதும்.

இவ்விடைவெளியின் முதன்மை அண்மையில் வெளிப்பட்டது. 2023 ஜனவரி 3 அன்று கௌசல் கிஷோர் வழக்கில் ஐவர் ஆயத்தின் பெரும்பான்மையினர், 19, 21-ஆம் உறுப்புகளின்படியான உரிமைகளை அரசு அல்லாத பிறர்க்கு எதிராகவும் செயற்படுத்தக் கோரலாம் என்று கூறினர். நீதிபதி பி.வி. நாகரத்னா இதில் மாறுபட்டார். எந்த நிலைப்பாடு சரியானது என்பது சட்டத் துறையின் வினா. மொழிபெயர்ப்பாளர்க்குரிய பாடம் வேறு. தெளிவு வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் ‘அரசு பறித்தல் கூடாது’ என்று எழுவாயைச் சேர்த்து எழுதியிருப்பின், அவ்விவாதத்தையே தமிழில் நிகழ்த்த இயலாமற்போகும். மூலத்தில் திறந்து வைக்கப்பட்ட வாயிலை மொழிபெயர்ப்பு அடைத்தல் ஆகாது. அரசுத் தமிழில் செயப்பாட்டுவினை பொறுப்பை மறைக்கப் பயன்படுகிறது என்னும் குறைகூறல் பல இடங்களில் சரியே. எனினும் உரிமைச் சட்டத்தில் அதே அமைப்பு உரிமையின் எல்லையை விரிக்கவும் உதவுகிறது. 17-ஆம் உறுப்பும் தீண்டாமையை ஒழிக்கும்போது செய்வோர் இன்னார் என வரையறுக்கவில்லை. அங்குத் தடுக்கப்படுவோர் பெரும்பாலும் அரசு அல்லர், அண்டை வீட்டாரே என்பது வெளிப்படை.

5. உரியவர் யார்

உரிமைக்கு உரியவரைக் குறிக்கும் சொற்களிலும் தமிழ் தடுமாறுகிறது. அரசமைப்பு சில உரிமைகளைக் குடிமக்களுக்கும், வேறு சிலவற்றை எவராயினும் அவருக்கும் உரியவை ஆக்குகிறது. 19-ஆம் உறுப்பின் பேச்சுரிமை குடிமக்களுடையது. 14, 21-ஆம் உறுப்புகளின் பாதுகாப்பு அயல்நாட்டாருக்கும் உண்டு. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ‘குடிமக்களின் உரிமைகள்’ என்று ஒருங்கு கூறும் பாடநூல் வழக்கு, அகதியாக வந்தோரின் உயிர்ப் பாதுகாப்பைத் தமிழ்த் தொடரில் இல்லாததாக்கிவிடுகிறது.

குடிமகன் என்னும் சொல்லுக்கும் நீண்ட வரலாறு உண்டு. மலையாளமும் தெலுங்கும் பௌரன், பௌருடு என்று நகரத்தைக் குறிக்கும் வடசொல்லடியிலிருந்து இக்கருத்தைப் பெற்றன. கன்னடத்தின் நாகரிக என்பதும் அத்தகையதே. தமிழ் குடி என்னும் அடியைக் கொண்டது. குடிமை என்பது தொல்காப்பியத்திலும் குறளிலும் பிறப்பின் உயர்வைச் சுட்டும். பிற்கால ஊர் வழக்கில் குடிமகன், குடிமக்கள் என்பன ஊருக்குத் தொண்டு செய்யக் கடமைப்பட்ட சாதியினரைக் குறித்தன. யாழ்ப்பாணச் சமூக அமைப்பிலும் குடிமை என்பது அத்தகைய கட்டுப்பாட்டையே உணர்த்தியது. தொண்டுக் கடமையைச் சுட்டிய சொல் உரிமையாளரைச் சுட்டும் சொல்லாயினமை பொருட்பேற்றின் குறிப்பிடத்தக்க நிகழ்வு. அச்சொல் ஆண்பாலில் நின்றுவிட்டமை மட்டும் இன்னும் தீராத குறை. 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட உலக மனித உரிமைப் பேரறிக்கையின் முதல் உறுப்பில், ஆடவர் அனைவரும் எனவும் பொருள்படத்தக்க ஆங்கிலத் தொடரை நீக்கி, மனிதப் பிறவியர் அனைவரும் என்னும் பொருள்படும் தொடரை இடம்பெறச் செய்தவர் இந்தியப் பேராளராகிய ஹன்சா மேத்தா. குடிமகன், தனிமனிதன் என்பனவற்றை ஒருமையில் எழுதுவோர் அவ்விழிப்பைப் பெறுதல் வேண்டும். குடிமக்கள், தனிமனிதர் என்னும் வடிவங்கள் தமிழிலேயே எளிதில் கிடைக்கின்றன.

ஆள், நபர் என்பனவும் ஐயத்துக்கு இடமானவை. ஆள் என்பது பேச்சு வழக்கில் ஏவலரையும் கூலிக்காரரையும் குறிக்கும். ‘அவருடைய ஆள்’ என்பதில் ஒருவர் மற்றொருவரின் உடைமையாகவே ஆகிவிடுகிறார். நபர் எண்ணிக்கைக்குரிய சொல். காவல்துறைச் செய்திகளில் பெயரறியா ஐயப்பாட்டாளரைச் சுட்டுவது. தனிநபர் என்பது தனிநபர் வருமானம், தனிநபர் துதி, தனிநபர் தாக்குதல் என்னும் சேர்க்கைகளில் கணக்கீட்டையோ இகழ்ச்சியையோ தாங்கி வருகிறது. பெயர்களை விட்டு, எவரும், ஒவ்வொருவரும் என்னும் மாற்றுப்பெயர்களைக் கையாளுதல் பல இடங்களில் நன்று. அங்கும் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். ‘எல்லாருக்கும் உரியது’ என்பது தொகுதியாக உரியது எனவும் பொருள்படும். ஊர்ப் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியதே. ‘ஒவ்வொருவருக்கும் உரியது’ என்பதோ தனித்தனியே முழுமையாக உரியது என்பதையே உணர்த்தும். உரிமை பங்கிட்டுக்கொள்ளும் பொருள் அன்று. பெரும்பான்மையினர் மனநிறைவு பெற்றமையால் எஞ்சிய ஒருவரின் உரிமை நிறைவேறிவிடாது. இவ்வேறுபாட்டைக் காட்டவல்ல இலக்கணக் கூறு தமிழில் இருக்கையில், அதனைப் பேணாமை மொழியின் குறையன்று, எழுதுவோரின் குறையே.

6. சமூகம் என்னும் இருபொருட் சொல்

தனிமனிதரும் சமூகமும் என்று தலைப்பிட்டு எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகள் பல. அவற்றில் சமூகம் என்பது மனிதர் அனைவரும் அடங்கிய பரந்த அமைப்பு எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்று வினவும்போது அச்சொல் சாதியைக் குறிக்கிறது. எழுத்திலும் பேச்சிலும் இவ்விரு பொருள்களும் இன்று ஒருங்கே வாழ்கின்றன. ஆகவே ‘சமூகத்தின் நலனுக்காகத் தனிமனித உரிமை கட்டுப்பட வேண்டும்’ என்னும் தொடரைப் படிப்போர் எச்சமூகத்தை நினைப்பர் என்பது உறுதியில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், வரைவு கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அலகாகக் கொண்டமை குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். அவர் அஞ்சியது இத்தகைய சமூகத்தையே.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என உச்சநீதிமன்றம் கூறியபோது, தனியொருவரின் உரிமையே அதற்குக் காரணம் ஆயிற்று. அதே ஆண்டில் முதல் திருத்தத்தின் வாயிலாக 15-ஆம் உறுப்பில் 4-ஆம் கூறு சேர்க்கப்பட்டு, பின்தங்கிய வகுப்பினர்க்கான சிறப்பு ஏற்பாட்டுக்கு வழி பிறந்தது. குழுவாக ஒதுக்கப்பட்டோர் குழுவாகவே உரிமை கேட்க நேர்ந்தது என்பதை மறந்து தனிமனிதரை மட்டும் பேசுதல் பொருந்தாது. எனினும் ஒதுக்கப்பட்டோர் கேட்கும் உரிமையும், தன் உறுப்பினர் மீது ஒரு குழு செலுத்தும் உரிமையும் ஒன்றல்ல. தமிழ் இவ்விரண்டையும் வேற்றுமையால் பிரித்துக் காட்டுகிறது. ‘அவளுக்கு உரிமை உண்டு’ என்பதில் அவள் உரியவள். ‘அவள்மேல் எனக்கு உரிமை உண்டு’ என்பதில் அவள் உடைமை. உரிமைப்பெண் என்று முறைப்பெண்ணைக் குறிக்கும் உறவுமுறை வழக்கில் இருப்பது பின்னதே. இருபொருளுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், மகளின் தேர்வுரிமையைத் தடுக்கும் பெற்றோரும் தம் செயலை உரிமை என்றே கூற இயல்கிறது.

இப்போராட்டத்தில் சொல்லாட்சி மாறியதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாதி மாறி மணந்தோரைக் கொல்வதைக் குறிக்க ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பாகக் கௌரவக் கொலை என்பது வழங்கியது. அத்தொடர் கொல்வோரின் காரணத்தையே செயலின் பெயராக்கி, அதற்கு மதிப்பும் சேர்த்தது. பின்னர் ஆணவக் கொலை என்னும் தொடர் அதன் இடத்தைப் பெற்று, இன்று செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் நிலைத்துவிட்டது. மூலத்துக்கு உண்மையாக இருத்தலினும் நிகழ்வுக்கு உண்மையாக இருத்தல் மேலெனக் கருதிய தமிழ் வழக்கின் முடிவு இது. சட்ட மொழிபெயர்ப்பில் இவ்வுரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை. ஆயினும் பொதுவழக்கில் அவருக்கு முழுமையாக உண்டு.

தமிழ்நாட்டின் சட்டம் ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. 1967-ஆம் ஆண்டின் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. மணமக்கள் தாம் புரிந்துகொள்ளும் எம்மொழியிலேனும், ஒருவரையொருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவித்தல் அதன்கண் கூறப்பட்ட வழிகளுள் ஒன்று. கூறுதலே செயலாக அமையும் தொடர் இது. ‘தருகிறோம்’ என்று பெற்றோர் கூறும் கன்னிகாதானத்தின் கொடைவினை இங்கு இல்லை. ‘ஏற்கிறேன்’ என்னும் தன்மை ஒருமை வினைமுற்றே திருமணத்தை நிறைவேற்றுகிறது. பொதுவில் அறிவித்தல் இதற்கு இன்றியமையாததன்று என 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொடையிலிருந்து கிழமைக்கு மாறிய தமிழ்த் தொடர் ஒன்று சட்டமாகவே உள்ளது என்பது இதனால் அறியப்படும்.

7. அந்தரங்கமும் தனியுரிமையும்

2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மையச் சொல்லுக்குத் தமிழில் இரு சொற்கள் போட்டியிடுகின்றன. அந்தரங்கம் என்பது உள்ளிடம் என்னும் பொருளிலிருந்து மறைபொருள் என்னும் பொருளுக்கும், அங்கிருந்து பாலியல் சார்ந்த மறைவுக்கும் குறுகியது. ஒருவருடைய உணவு, நூல், நட்பு, உடல்நலக் குறிப்பு ஆகியவற்றை அது எளிதில் உள்ளடக்குவதில்லை. தனியுரிமை என்பது கைப்பேசிச் செயலிகளாலும் இணையத்தள அறிவிப்புகளாலும் பரவிய வழக்கு. ஒருவருக்கு மட்டும் உரியது, பிறர்க்கு இல்லாத சலுகை என்னும் பொருளுக்கும் அது இடமளிக்கிறது. வணிகத்தில் தனியுரிமை என்பதும் வாழ்வில் தனியுரிமை என்பதும் ஏறக்குறைய எதிர்ப்பொருளன.

இக்கருத்தின் இந்திய வளர்ச்சியில் தமிழ் இதழொன்றுக்குப் பங்குண்டு. மரண தண்டனை பெற்ற ஒரு கைதியின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த தமிழ் வார இதழின் ஆசிரியர் தொடுத்த இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994-இல், தலையிடப்படாமல் விடப்படும் உரிமை 21-ஆம் உறுப்பில் உள்ளுறைவதாக உச்சநீதிமன்றம் கூறியது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றும் கூறியது. தன்னைப் பற்றிக் கூறுவதும் கூறாமல் விடுவதும் அவரவர் கையில் உள்ளது என்பதே இதன் உட்கருத்து. இது மறைவைப் பற்றிய கருத்தன்று. தன்வயத்தைப் பற்றிய கருத்து. ஆகவே புதிய சொல்லைத் தேடுவோர் மறை, தனி என்னும் அடிகளைக் காட்டிலும் தன் என்னும் அடியிலிருந்து தொடங்குதல் பயன் தரும். சொல் நிலைபெறும்வரை, ‘பிறர் தலையீடின்றி வாழும் உரிமை’ என விரித்தெழுதுதலே பிழைக்கு இடந்தராதது.

8. முடிவுரை

மையச் சட்டங்களின் அதிகாரமுறைப் பனுவல்கள் பற்றிய 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் மொழிபெயர்ப்பு அவ்வம்மொழியில் அதிகாரமுறைப் பனுவல் ஆகிறது. 2019 முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் கணினி மென்பொருளின் துணையோடு தமிழிலும் பெயர்க்கப்பட்டு வருகின்றன. வழக்கில் எத்தொடர் மிகுதியோ அதனையே மென்பொருள் மீண்டும் தரும். கொடைவினைகள் மிகுந்த வழக்கைக் கற்ற கருவி, பறித்தலை மறுக்கும் தொடரையும் வழங்கும் தொடராக்கக்கூடும். அப்பனுவலைப் படித்துத் தம் நிலையை அறிந்துகொள்ளும் தமிழர்க்கு ஆங்கில மூலம் கையில் இராது.

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நெறிகள் பெறப்படும். மூலத்தில் கொடைவினை உள்ளவிடத்து அன்றிப் பிறவிடத்து உரிமையோடு வழங்கு, அளி, கொடு என்பனவற்றைச் சேர்த்தல் வேண்டா. உண்டு, உடையவர், உரியது என்பன போதும். பறி என்னும் வினையின் முற்கோளைச் சுருக்கத்திலும் காத்தல் வேண்டும். மூலம் கூறாத வினைமுதலைச் சேர்த்தல் ஆகாது. தனித்தனியே உரியதைக் கூறுமிடத்து ஒவ்வொருவரும் என்பதையே ஆளுதல் வேண்டும். சமூகம் என்னும் சொல்லைக் கையாளும்போது, படிப்போர் அதனைச் சாதியாகக் கொள்ள இடமுண்டோ என்று மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் புதிய சொல்லாக்கத்தைக் கோரவில்லை. தற்கிழமை வேறு, பிறிதின்கிழமை வேறு என்று கண்ட மொழிக்குத் தன் உரிமையையும் பிறர் கொடையையும் பிரித்துக் கூறும் ஆற்றல் முன்னரே உள்ளது. அவ்வாற்றலை மொழிபெயர்ப்போர் கைக்கொள்ளத் தவறினால், 2017-இல் விலக்கப்பட்ட தீர்ப்பு தமிழ்த் தொடர்களில் மட்டும் தொடர்ந்து நடப்பில் இருக்கும்.